வாட் பிளேஸிலிருந்து வலைத்தளத்துக்கு: பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் தகவல்கள்

கொழும்பு 7, வாட் பிளேஸ், இலக்கம் 20. க.பொ.த. உயர்தரப் பரீட்சையில் சித்தியெய்திய பிள்ளை இருந்த வீடுகளில் ஒரு காலத்தில் இந்த முகவரி மனப்பாடமாக இருந்தது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் தலைமையகம் அது. தன் விண்ணப்பம் போய்ச் சேர்ந்ததா, வெற்றிடம் நிரப்பும் பட்டியலில் தன் பெயர் வருமா, மாவட்ட வதிவிடச் சான்று ஏற்றுக்கொள்ளப்பட்டதா என்ற ஒரேயொரு கேள்விக்குப் பதில் பெறுவதற்காக வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் மலையகத்திலிருந்தும் தந்தையோ தமையனோ புறப்பட்டு வந்த காலம் அது. போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு வருவதென்பது வெறும் பயணமாக இருக்கவில்லை. ஏ-9 வீதி மூடப்பட்டிருந்த ஆண்டுகளில் கப்பலுக்கோ விமானத்துக்கோ காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்கு முன் பாதுகாப்பு அனுமதி, வந்த பின் தங்குமிடம், பொலிஸ் பதிவு என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சிரமங்கள் வந்தன. ஒரு சிறு தகவலுக்கு அத்தனை விலை கொடுக்க வேண்டியிருந்தது.

இன்று அதே தகவல்களிற் பெரும்பகுதி ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் கிடைக்கின்றது. இந்த மாற்றம் சத்தமின்றி நிகழ்ந்தமையால் அதன் பெறுமதியும் குறைபாடுகளும் போதிய அளவு பேசப்படவில்லை என்றே கூறவேண்டும்.

முதலில் ஆணைக்குழுவைப் பற்றிச் சில வார்த்தைகள். 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் கீழ் இது அமைக்கப்பட்டது. 1972 முதல் இயங்கிவந்த ஒரே ‘இலங்கைப் பல்கலைக்கழகம்’ என்ற ஏற்பாடு அச்சட்டத்துடன் முடிவுக்கு வந்தது. வளாகங்கள் தனித்தனிப் பல்கலைக்கழகங்களாயின. தலைவர், உப தலைவர் உட்பட ஏழு உறுப்பினர்களைக் கொண்ட ஆணைக்குழுவின் பெயரிலே ‘மானியம்’ என்ற சொல் இருக்கின்றது. நாடாளுமன்றம் ஒதுக்கும் நிதியைப் பல்கலைக்கழகங்களுக்குப் பகிர்ந்தளிப்பது அதன் கடமைகளில் ஒன்று என்பதே காரணம். பிரித்தானியாவில் 1919இல் தோன்றி 1989இல் கலைக்கப்பட்ட மானியக் குழுவும், 1956ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிலைநிறுத்தப்பட்ட இந்திய மானியக் குழுவும் இதே குடும்பப் பெயரைக் கொண்டவை. ஆயினும் இலங்கை ஆணைக்குழுவுக்கு அவற்றுக்கு இல்லாத ஒரு பெரும் பொறுப்பு உண்டு: அரச பல்கலைக்கழகங்களுக்கு மாணவரை அனுமதிக்கும் பணி. இதனாலேயே பொதுமக்கள் அதனை நிதி வழங்கும் நிறுவனமாக அன்றி, பிள்ளைகளின் தலைவிதியை எழுதும் அலுவலகமாகப் பார்க்கின்றனர். அதன் கோவைகளில் உள்ள ஒவ்வொரு தாளும் எங்கோ ஒரு வீட்டுக்கு முக்கியமானது.

நம் நாட்டுக் கல்வியுலகுக்கு இணையம் பிந்தி வந்ததென்று கூறமுடியாது. பல்கலைக்கழகங்களை இணைக்கும் ‘லேர்ன்’ வலையமைப்பின் மின்னஞ்சல் சேவை 1990இலேயே தொடங்கிவிட்டது. வர்த்தக ரீதியான இணையச் சேவை 1995இல்தான் வந்தது. அதாவது பொதுமக்களுக்கு ஐந்து ஆண்டுகள் முன்னரே விரிவுரையாளர்கள் சிலர் வெளிநாடுகளுடன் மின்னஞ்சலிற் பேசிக்கொண்டிருந்தனர். ஆனால் அந்த வசதி பல்கலைக்கழக மதிலுக்கு உள்ளேயே இருந்தது. வாசலுக்கு வெளியே நின்ற விண்ணப்பதாரிக்கு அதனாற் பயனில்லை. 2003ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ்த் தகவல் தொடர்பாடல் தொழினுட்ப முகவர் நிலையம் அமைக்கப்பட்டதும், கிராமப்புறங்களில் நெனசல நிலையங்கள் திறக்கப்பட்டதும், 2006இல் 1919 என்ற தொலைபேசி இலக்கத்தில் அரச தகவல் மையம் மும்மொழிகளிலும் இயங்கத் தொடங்கியதும் அதற்குப் பிந்திய கதை.

இணையத்துக்கு வந்த தகவல்களுள் மிகுதியாகத் தேடப்படுவது வெட்டுப்புள்ளி அட்டவணை. இதனைச் சற்று விரிவாகப் பார்ப்பது பயனுடையது. ஏனெனில் இதில்தான் தகவல் ஒருவரின் வாழ்வை எப்படித் திருப்பிவிடுகின்றது என்பது தெளிவாகத் தெரியும்.

2001 முதல் அனுமதிக்கு இசட் புள்ளி முறை பயன்படுத்தப்பட்டு வருகின்றது. ஒரு பாடத்தில் மாணவர் பெற்ற புள்ளியிலிருந்து அப்பாடத்தின் இடைப் பெறுமானத்தைக் கழித்து, மீதியை நியம விலகலால் வகுத்தால் அப்பாடத்துக்கான இசட் புள்ளி வரும். மூன்று பாடங்களினதும் சராசரியே மாணவரின் இறுதிப் புள்ளி. கடினமான வினாத்தாளுக்குத் தோற்றியவரும் இலகுவான வினாத்தாளுக்குத் தோற்றியவரும் ஒரே தராசில் நிறுக்கப்படவேண்டும் என்பதே இதன் நோக்கம். பரீட்சைத் திணைக்களம் கணித்துத் தரும் இப்புள்ளியைக் கொண்டு ஆணைக்குழு இடங்களைப் பகிர்கின்றது. பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் சனத்தொகைக்கேற்ப 25 மாவட்டங்களுக்கும், 5 சதவீதம் கல்வியிற் பின்தங்கியவையாகக் குறிக்கப்பட்ட மாவட்டங்களுக்கு மேலதிகமாகவும் ஒதுக்கப்படுகின்றன. வடக்கு, கிழக்கு மாகாணங்களின் எட்டு மாவட்டங்களும் நுவரெலியா, பதுளை முதலிய மலையக மாவட்டங்களும் அப்பட்டியலில் உள்ளவை.

வெட்டுப்புள்ளி முன்கூட்டியே நிர்ணயிக்கப்படுவது என்று எண்ணும் பெற்றோர் இன்றும் உளர். உண்மை அவ்வாறன்று. ஒரு கற்கைநெறிக்கு ஒரு மாவட்டத்திலிருந்து கடைசியாகத் தெரிவான மாணவரின் இசட் புள்ளியே அம்மாவட்டத்துக்கான வெட்டுப்புள்ளி. எனவே அது தெரிவு முடிந்த பின்னரே பிறக்கின்றது. விண்ணப்பிக்கும் மாணவரின் கையில் இருப்பது சென்ற ஆண்டின் எண் மட்டுமே. அவர் தம் விருப்பங்களை எந்த வரிசையில் எழுதுகின்றார் என்பதிலேயே எல்லாம் தங்கியிருக்கின்றது. ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் ஒவ்வொரு கற்கைநெறிக்கும் தனித்தனி யுனி-கோட் உண்டு. அவற்றை ஒழுங்குபடுத்தும்போது செய்யும் ஒரு தவறு, எட்டக்கூடிய இடத்தை எட்டாமற் செய்துவிடும்.

சென்ற ஆண்டின் எண்ணைப் பார்த்துவிட்டு ‘எனக்குக் கிடைக்காது’ என்று ஒரு கற்கைநெறியை எழுதாமலே விடும் மாணவர்கள் பலர். ஓராண்டில் மாவட்டமொன்றின் வெட்டுப்புள்ளி ஏறியிருந்தால் மறு ஆண்டு இறங்கவும் கூடும். சிறிய மாவட்டங்களில், ஒதுக்கப்படும் இடங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை என்பதால், இந்த ஏற்ற இறக்கம் மேலும் அதிகம். இதனை உணர ஓராண்டு அட்டவணை போதாது. ஐந்தாறு ஆண்டுகளின் அட்டவணைகளை அருகருகே வைத்துப் பார்க்கவேண்டும். தலைநகரின் பிரபல பாடசாலைகளில் இதனைச் செய்து சொல்லும் ஆசிரியர்களும் பிரத்தியேக வகுப்பு ஆசான்களும் எப்போதும் இருந்தனர். துணுக்காயிலோ வாகரையிலோ இருந்த மாணவருக்கு அப்படி எவரும் இருக்கவில்லை. பழைய ஆண்டுகளின் அட்டவணைகள் இணையத்தில் நிலைத்திருப்பது அந்த ஏற்றத்தாழ்வைச் சற்றேனும் குறைக்கின்றது. அட்டவணையில் ஒரு மாவட்டத்தின் எதிரே எண்ணுக்குப் பதிலாக ‘என்.கியூ.சி.’ என்ற மூன்று எழுத்துகள் இருப்பதைச் சிலர் கவனித்திருப்பர். தகைமை பெற்ற விண்ணப்பதாரி எவரும் அம்மாவட்டத்திலிருந்து அக்கற்கைநெறிக்கு இல்லை என்பது அதன் பொருள். அந்த மூன்று எழுத்துகளை ஆண்டுதோறும் எண்ணிப் பார்த்தாலே எந்த மாவட்டத்தில் எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லை என்று கல்வியதிகாரிகள் அறிந்துகொள்ளலாம்.

பத்திரிகைத் துறையில் நீண்டகாலம் இருந்தவன் என்ற வகையில் ஒன்றைச் சொல்லத் தோன்றுகின்றது. வெட்டுப்புள்ளிகள் வெளியாகும் நாளில் ஆசிரிய பீடத்துத் தொலைபேசிகள் ஓய்ந்ததில்லை. அட்டவணை முழுவதையும் அச்சிட்டால் பக்கங்கள் போதா. சுருக்கி அச்சிட்டால் எழுத்து தெரியாது. மிகச் சிறிய எழுத்தில் அச்சான அந்த வரிசைகளில் ஒரு தசமப் புள்ளி இடம் மாறினாலும் ஏதோ ஒரு ஊரில் ஒரு பிள்ளை வீணாக அழும் அல்லது வீணாக மகிழும். இரவு இரண்டு மணிக்கு இருவர் எதிரெதிரே அமர்ந்து எண்களை உரக்கப் படித்து ஒப்புநோக்குவோம். இணையம் பத்திரிகைகளிடமிருந்து பறித்துக்கொண்ட பணிகளில், இதனை மட்டும் நாம் மனமாரக் கொடுத்தோம்.

எண்களை இணையத்தில் இட்டுவிட்டால் எல்லாம் தெளிவாகிவிடும் என்ற நம்பிக்கைக்கு 2011ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சை ஓர் அடி கொடுத்தது. அவ்வாண்டு பழைய பாடத்திட்டத்தின் கீழும் புதிய பாடத்திட்டத்தின் கீழும் மாணவர் தோற்றினர். இரு தொகுதியினரையும் ஒரே தொகுதியாகக் கொண்டு இசட் புள்ளி கணிக்கப்பட்டது. பெறுபேறுகள் இணையத்தில் உடனே வெளிவந்தன. மாவட்டத் தரவரிசைகளில் இருந்த பிழைகளும் அதே வேகத்தில் வெளிவந்தன. விவகாரம் உயர் நீதிமன்றம் சென்றது. இரு பாடத்திட்டங்களையும் தனித்தனியாகக் கொண்டு மீளக் கணிக்குமாறு 2012 ஜூனில் நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த மாணவர் தொகுதியின் அனுமதி பல மாதங்கள் பிந்தியது. வெளிப்படையாக இருந்தமையாற்றான் பிழை கண்டுபிடிக்கப்பட்டது என்று இதனைப் பார்க்கலாம். எண் மட்டும் வெளியிடப்பட்டு, அது கணிக்கப்பட்ட முறை வெளியிடப்படாமையாற்றான் இத்தனை குழப்பம் என்றும் பார்க்கலாம். இரண்டிலும் உண்மை உண்டு. எமது கருத்தில் பின்னையதே அதிக கவனத்துக்குரியது.

அனுமதிக்கு அப்பால் ஆணைக்குழுவின் தளத்தில் பொதுமக்கள் அதிகம் கவனியாத வேறு பகுதிகளும் உள. ஆணைக்குழுச் சுற்றுநிருபங்கள், தாபனச் சுற்றுநிருபங்கள், பல்கலைக்கழகப் புள்ளிவிபரத் தொகுப்புகள் ஆகியன அவற்றுட் சில. சுற்றுநிருபம் என்பது முன்னர் பதிவாளரின் அலுமாரியில் இருந்த பொருள். ஒரு விரிவுரையாளருக்கு அல்லது கல்விசாரா ஊழியருக்குக் கற்கை விடுமுறை, பதவியுயர்வு, சம்பளப் படிநிலை பற்றி ஐயம் எழுந்தால் அலுவலகப் பெரிய எழுதுவினைஞரின் தயவை நாடவேண்டும். அவர் சொல்வதே சட்டம். சுற்றுநிருபம் இலக்கத்துடனும் திகதியுடனும் இணையத்திற்கு வந்தபின் அந்தத் தயவு அவசியமற்றதாயிற்று.

வெளிநாட்டுப் பட்டங்களின் அங்கீகாரம் பற்றிய தகவலும் அவ்வாறே பெறுமதியானது. வீதியோர விளம்பரப் பலகைகளில் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் பெயர்கள் மின்னுகின்ற காலம் இது. காணியை ஈடு வைத்துப் பிள்ளையைச் சேர்க்க எண்ணும் பெற்றோருக்கு, அந்தப் பல்கலைக்கழகம் அங்கீகாரம் பெற்றதா என்பதைக் கட்டணம் செலுத்துமுன் அறியும் வழி வேண்டும். உள்நாட்டில் அரச சார்பற்ற நிறுவனங்கள் பட்டம் வழங்குவதற்குப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் 25அ பிரிவின் கீழ் அங்கீகாரம் பெறவேண்டும். அது நிறுவனம் முழுமைக்கும் பொதுவானதன்று, குறித்த பட்டநெறிக்குரியது. ஒரு நெறிக்கு அங்கீகாரம் இருப்பதைக் காட்டி மற்றொன்றையும் விற்கும் சாமர்த்தியத்துக்கு இடமிருப்பதால் இந்த வேறுபாட்டை அறிந்திருப்பது அவசியம். இந்திய மானியக் குழு இவ்விடயத்தில் ஒருபடி முன்னே சென்று, போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலையே தன் தளத்தில் வெளியிட்டு வருகின்றது. அங்கீகரிக்கப்பட்டவற்றின் பட்டியலைவிட அங்கீகரிக்கப்படாதவற்றின் பட்டியல் சாதாரண மக்களுக்கு உதவியாக இருக்கும் என்பது எமது எண்ணம்.

மொழி விடயத்துக்கு வருவோம். 1987இன் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆயினும் இணையத்தில் தமிழுக்கு இன்னொரு தடை இருந்தது. இந்நாட்டில் தமிழ்த் தட்டச்சு என்றால் பாமினி எழுத்துரு என்றாகியிருந்தது. அவ்வகை எழுத்துருக்களில் தட்டச்சிடப்படுவது கணினியின் உள்ளே உண்மையிற் சேமிக்கப்படுவது ஆங்கில எழுத்துகளாகவே. மேலே போர்த்திய எழுத்துருதான் அவற்றைத் தமிழாகக் காட்டுகின்றது. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலே தெரியும். தேடுபொறியில் ‘வெட்டுப்புள்ளி’ என்று தமிழிற் தேடினால் அந்தப் பக்கம் அகப்படாது. ஒருங்குறி பரவலாகி, தமிழுக்கான இலங்கைத் தரநியமம் எஸ்.எல்.எஸ். 1326 என்ற இலக்கத்தில் 2008இல் வெளிவந்த பின்னர் இந்நிலை படிப்படியாக மாறியது. ஆனால் பழைய ஆவணங்கள் பழைய எழுத்துருவிலேயே உறங்குகின்றன. அச்சுத்தாளைப் படமெடுத்து ஏற்றிவிடும் வழக்கமும் அரச அலுவலகங்களில் இன்னும் உண்டு. படமாக இருக்கும் ஆவணத்திற்குள் எதையும் தேட இயலாது. பார்வைக் குறைபாடுள்ள மாணவரின் கணினி அதனை வாசித்துக் காட்டவும் இயலாது.

அரச அலுவலகமொன்றின் தளத்தில் ஒருமுறை ஓர் அறிவித்தலைத் தேடிச் சென்றபோது, ஆங்கிலப் பக்கத்தில் விண்ணப்ப முடிவுத் திகதி நீடிக்கப்பட்டிருக்க, தமிழ்ப் பக்கத்திற் பழைய திகதியே இருந்தது. தமிழ்ப் பக்கத்தை நம்பியவர் விண்ணப்பிக்காமல் விட்டிருப்பார். எந்த அலுவலகம் என்பது முக்கியமன்று. இத்தகைய அனுபவம் வாசகர்களுக்கும் இருக்கும். மொழிபெயர்ப்பு இல்லாமை ஒரு குறை. மொழிபெயர்த்து வைத்துவிட்டு, மூலம் மாறும்போது அதனைத் திருத்தாமை அதைவிடப் பெருங்குறை. ஏனெனில் முன்னதில் வாசகர் ஏமாறுவதில்லை. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இறுதியாகத் திருத்தப்பட்ட திகதி இருந்தாலே இதிற் பாதி தீரும்.

பெயரில் உள்ள ‘மானியம்’ பற்றி இதுவரை அதிகம் பேசவில்லை. ஆராய்ச்சிக்கான நிதியுதவிகளை இணையத்துக்குக் கொண்டுசென்றதில் அமெரிக்காவின் அனுபவம் கவனிக்கத்தக்கது. அங்கு தேசிய விஞ்ஞான மன்றம் 1990களின் நடுப்பகுதியில் ‘பாஸ்ட்லேன்’ என்ற முறைமையைப் பரீட்சித்து, 2000இல் விண்ணப்பங்களை அதன் மூலமே சமர்ப்பிக்க வேண்டும் என்றாக்கியது. அதுவரை பல பிரதிகளை எடுத்துப் பொதியாகக் கட்டி அஞ்சலில் அனுப்பிக்கொண்டிருந்தனர். சமஷ்டி அரசின் எல்லா நிறுவனங்களினதும் மானிய அறிவித்தல்களை ஒரே இடத்திற் காட்டும் ‘கிராண்ட்ஸ்.கொவ்’ தளம் 2003இல் வந்தது. இதனாற் பெரிதும் பயனடைந்தவை சிறிய கல்லூரிகள். எந்த நிறுவனத்திடம் எந்த நிதி உண்டு என்பதை அறியத் தலைநகரில் ஆள் வைத்திருக்க அவற்றுக்கு வசதி இருக்கவில்லை. ஆனால் 2009இல் பொருளாதார மீட்பு நிதிக்கான விண்ணப்பங்கள் குவிந்தபோது அத்தளம் சுமை தாங்காமற் போகும் என்று அந்நாட்டு அரசே எச்சரித்து, மாற்று வழிகளை நாடுமாறு நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டது. ஒரே வாசல் வசதியானது. அது அடைபட்டால் எல்லோரும் வெளியே நிற்கவேண்டும். இறுதி நாளிரவில் விண்ணப்பிக்கும் பழக்கமுள்ள நமக்கு இது அந்நியமான காட்சியன்று.

நம் நாட்டில், திறைசேரியிலிருந்து ஆணைக்குழுவுக்கும் அங்கிருந்து யாழ்ப்பாணம், கிழக்கு, தென்கிழக்கு, 2021இல் வளாக நிலையிலிருந்து உயர்ந்த வவுனியா உட்பட ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் செல்லும் பணத்தின் கணக்கை மாணவரும் பெற்றோரும் வாசிப்பது அரிது. வருடாந்த அறிக்கைகளிலும் கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கைகளிலும் அது இருக்கின்றது. ஒரு விடுதிக் கட்டடம் ஏன் அரைகுறையாக நிற்கின்றது என்பதற்கான விடை பெரும்பாலும் அத்தகைய அறிக்கைகளின் அட்டவணைகளில்தான் கிடைக்கும். 1981இல் சட்டம் மூலம் நிறுவப்பட்ட மகாபொல நம்பிக்கை நிதியத்தின் புலமைப்பரிசிலும் மாணவர் உதவுநிதியும் எப்போது கைக்கு வரும் என்பதே மாணவரின் அன்றாடக் கேள்வி. தவணைப் பணம் பிந்தும்போது, எக்கட்டத்தில் நிற்கின்றது என்று ஒரு வரி இணையத்தில் அறிவிக்கப்பட்டால், வாடகை அறைச் சொந்தக்காரரிடமும் சாப்பாட்டுக் கடைக்காரரிடமும் ஒரு தவணை கேட்க மாணவருக்கு அது ஆதாரமாகும்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் உள்ளது. ஆணைக்குழுவும் அரச பல்கலைக்கழகங்களும் மட்டுமன்றி, சட்டத்தின் கீழ் அங்கீகாரம் பெற்ற தனியார் உயர்கல்வி நிறுவனங்களும் அச்சட்டத்தின் பொருள்கோடலில் ‘பகிரங்க அதிகாரசபை’களே. கோரிக்கை கிடைத்து 14 வேலைநாட்களுக்குள் தகவல் அதிகாரி தம் தீர்மானத்தை அறிவிக்கவேண்டும். ஆனால் பலர் தனித்தனியே கேட்கும் ஒரே கேள்விக்கு ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கடிதம் எழுதுவதைவிட, ஒருமுறை இணையத்தில் இட்டுவிடுவது அலுவலகத்துக்கே இலாபம். இதில் எல்லையும் உண்டு. உதவுநிதி பெறுவோரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், பெற்றோரின் வருமானம் ஆகியன ஊரறிய இணையத்தில் தொங்கவேண்டியவை அல்ல. தனிப்பட்ட தரவுகளின் பாதுகாப்புக்கென 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டமும் வந்துவிட்டது. ஏழ்மையை நிரூபித்து உதவி பெறும் பிள்ளையின் ஏழ்மை, தேடுபொறியில் நிரந்தரமாகப் பதிந்துவிடக் கூடாது.

எல்லாம் இணையத்துக்கு வந்த பின்னரும் அங்கு செல்ல இயலாதோர் இருப்பர். தோட்டப்புற லயன்களிலும் வன்னியின் உட்கிராமங்களிலும் கைத்தொலைபேசியின் சிறு திரையில், தரவுப் பொதி தீரும் முன், பல பக்க அட்டவணையொன்றைத் திறந்து தம் மாவட்டத்தின் நிரலைத் தேடுவோர் உளர். 2020இல் பெருந்தொற்றுக் காலத்தில் மரத்திலும் குன்றிலும் ஏறி அலைவரிசை தேடிய மாணவரை நாடு கண்டது. அவர்களுக்குச் செய்யக்கூடியது பெரிய செலவுள்ள காரியமன்று. அட்டவணையை மாவட்டம் மாவட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றும் ஓரிரு பக்கங்களாக, மும்மொழியிலும் இட்டால் போதும். முல்லைத்தீவுப் பிள்ளைக்கு முல்லைத்தீவின் பக்கம். பிரதேச செயலகத்திலோ பொது நூலகத்திலோ ஒருவர் அதனை அச்சிட்டு அறிவித்தற் பலகையில் ஒட்டிவிடலாம். அதற்கு ஒரு தாளும் நான்கு குத்தூசிகளுமே தேவை.